ஏரிக்குக் கணக்குச் சொன்ன ஊர்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் வந்தால் விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்று பேசுவேன். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஏரிக்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊரின் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கதை பழசு. ஆனால் அதிலே நமக்கு இன்றைக்கும் ஒரு வேலை இருக்கிறது.

அந்த ஊர் உத்திரமேரூர். காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இன்றைக்கு அது ஒரு பேரூராட்சி. கடைவீதி, பஸ் நிலையம், சந்தடி எல்லாம் மற்ற ஊர் மாதிரிதான். ஊருக்குப் பெரிய சொத்து அதன் ஏரி. அந்தப் பக்கத்தில் காவிரிப் பாசனம் மாதிரி பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் ஓடும், மற்ற நாளில் மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையையும், ஆற்றில் வருகிற வெள்ளத்தையும் தேக்கி வைத்தால்தான் தை மாதம் வரைக்கும் பயிர் தாங்கும். அதனால்தான் அந்த வட்டாரம் முழுக்க ஊருக்கு ஊர் ஏரி. ஏரி இருந்தால் ஊர் உண்டு, ஏரி மேடு தட்டினால் ஊர் காலி. அவ்வளவுதான் கணக்கு.

உத்திரமேரூரைப் பல்லவ மன்னர்கள் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், வேதம் கற்ற பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பது அன்றைய பெயர். ஊர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மனுக்கு வைரமேகன் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை வைத்துத்தான் ஏரிக்குப் பெயர் வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஏரிக்கு வயது 1,100 ஆண்டுக்கு மேல்.

ஒரு ஏரியை வெட்டிவிடலாம். அதை ஆயிரம் வருஷம் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஒவ்வொரு மழைக்கும் வரத்துக் கால்வாய் வழியாகத் தண்ணீரோடு வண்டலும் வருகிறது. தண்ணீர் மதகு வழியாக வெளியே போய்விடும், வண்டல் ஏரியிலேயே தங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு விரற்கடை படிந்தாலும், நம்ம பேரன் காலத்தில் ஏரி மேடாகிவிடும். கரையில் எலி வளை, நண்டு வளை விழும். மதகு அரிக்கும். கலங்கல் கல் பெயரும். இதையெல்லாம் யார் பார்ப்பது? எந்தப் பணத்தில் பார்ப்பது?

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். வசதி உள்ளவர்கள் பொன்னையோ நெல்லையோ ஊர்ச் சபையிடம் முதலாக ஒப்படைப்பார்கள். முதலைத் தொடக்கூடாது. அதன் வட்டியில் வருஷா வருஷம் ஏரியில் வண்டல் எடுக்க வேண்டும். வட்டிக்கு அன்றைக்குப் பொலிசை என்று பெயர். தண்ணீர் நிற்கும்போதே ஓடம் விட்டு மண் வாரிய செய்தியும் அந்த வட்டாரத்துக் கல்வெட்டுகளில் உண்டு. இப்படிப் பொது முதல் சேர்ந்தால், அதைக் காக்க யோக்கியமான ஆள் வேண்டும் இல்லையா? அங்கேதான் உத்திரமேரூர் பெயர் வாங்கியது.

ஊர் நடுவே வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் கருங்கல் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919ஆம் ஆண்டு, அடுத்தது 921ஆம் ஆண்டு. ஊர் வேலைகளைப் பார்க்கிற வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அதிலே விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வாரியம் என்றால் இன்றைக்கு நாம் கமிட்டி என்கிறோமே, அதுதான். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள் 12 பேர் சம்வத்சர வாரியம். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். இவர்கள் பதவி 360 நாள், அதோடு சரி. இது போகப் பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியம் என்று தனியாக உண்டு.

ஆள் எடுக்கிற முறையைக் கேளுங்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லாரும் சபையில் கூடவேண்டும். ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வரவேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒரு சின்னப் பையனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது! அவர் வாசித்த பிறகு நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பெயர் எழுதப்படும். இதுதான் குடவோலை.

முதல் கல்வெட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையே இரண்டே வருஷம். அதற்குள் விதியை ஏன் திருத்தினார்கள்? நடைமுறையில் ஏதோ ஓட்டை தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 919இல் வயது வரம்பு 30 முதல் 60. 921இல் அது 35 முதல் 70 என்று ஆனது. 921இல் இன்னொரு கடுமையான விதியும் எழுதினார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் பெயர் மட்டுமில்லை. அவன் அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மைத்துனன், சித்தப்பா, பெரியப்பா, மாமன், அத்தை மகன் என்று உறவுமுறையை வரிசையாக எழுதி, அவர்கள் பெயரும் கூடாது என்றார்கள். கணக்குக் காட்டாமல் விலகிக்கொண்டு, மச்சானை நிறுத்தி அதே வேலையைச் செய்ய வழியில்லை. பதவியில் இருக்கும்போது குற்றம் தெரிந்தால் அப்போதே நீக்கம்.

இதைக் கேட்டுப் பெருமைப்படுவது சரிதான். ஆனால் முழுக் கதையையும் சொல்லவேண்டும். குடத்தில் எல்லார் பெயரும் போடவில்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அதிகம் படித்தவர் என்றால் அரைக்கால் வேலி போதும் என்று சலுகை. பெண்கள் பெயர் குடத்தில் கிடையாது. சேற்றில் இறங்கி உழுதவன், கூடை தூக்கி வண்டல் சுமந்தவன், இவர்கள் பெயரும் அந்த ஓலையில் வரவில்லை. ஏரியைச் சுமந்த முதுகுக்கு ஏரிச் சபையில் இடமில்லை. இது அந்த ஏற்பாட்டின் குறை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் கணக்கு முறையைத்தான், அந்தக் குறையை அல்ல.

பிற்காலத்துக்கு வருவோம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்கிற வெள்ளைக்காரர் செங்கல்பட்டுச் சீமை ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல் அடித்ததும் ஊர்த் தொழிலாளிகளுக்கும் பொதுக் காரியங்களுக்கும் பங்கு ஒதுக்குகிற வழக்கம் அந்தக் கணக்கில் தெரிகிறது. ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. களத்தில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் அளப்பதால் அதுவும் ஒரு கணக்குதான். கம்பெனி ஆட்சியில் விளைச்சலில் பெரும்பகுதி வரியாகப் போனது. ஏரிப் பங்கு மெலிந்தது, ஏரியும் மெலிந்தது. குடிமராமத்துக்கு ஆள் வருவது குறைந்ததும், 1858இல் கட்டாய வேலைச் சட்டம் ஒன்று போட்டார்கள். சட்டம் போட்டும் பழைய குடிமராமத்து திரும்பி வரவில்லை. கட்டாயப்படுத்தினால் மண்வெட்டி வரும், மனசு வருமா?

இந்த இடத்தில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு ஊர். பெயர் வேண்டாம். வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தது. ஆயக்கட்டுக்காரர்கள் கூடி ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, மெஷின் வைத்துச் சுத்தம் செய்தார்கள். அந்த வருஷம் ஏரி நிரம்பிக் கலங்கல் போனது. ஊரே சந்தோஷம். ஆனால் யாரும் கூட்டம் போட்டுக் கணக்கு வாசிக்கவில்லை. "மெஷினுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு" என்று டீக்கடையில் முணுமுணுப்பு. அடுத்த வருஷம் பாதிப் பேர்தான் பணம் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் ஒருத்தரும் கொடுக்கவில்லை. கால்வாய் மறுபடி தூர்ந்தது. மழை நன்றாகப் பெய்தும் ஏரி பாதிதான் நிரம்பியது. கடைமடையில் சம்பா கதிர் வாங்குகிற சமயத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்து சாவியாகிப் போனது.

வசூல் செய்த பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து ரசீதுகளை எடுத்துக் காட்டினார். ஒரு ரூபாய் குறையவில்லை. கைப்பணமும் கொஞ்சம் போட்டிருந்தார்.

"இதை ஏனய்யா ஊர்க் கூட்டத்தில் வாசிக்கவில்லை?" என்று கேட்டேன்.

"என்னை நம்பாமத்தானே கேக்கறாங்க சார்? நம்பாதவங்களுக்கு நான் எதுக்குக் கணக்குச் சொல்லணும்?" என்றார்.

கடைமடையில் நிலம் வைத்திருந்த ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவர் தப்புப் பண்ணலேன்னு இப்பத் தெரியுது சார். முன்னமே சொல்லியிருந்தா எம் பயிரு பொழைச்சிருக்கும்."

பார்த்தீர்களா? அவர் நல்லவர்தான். ஆனால் நல்லவராக இருந்தால் மட்டும் பொதுக் காரியத்துக்குப் போதாது. அது நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும். அதனால்தான் உத்திரமேரூரில் குடத்தை உயரத் தூக்கினார்கள், கையை விரித்து ஓலை வாங்கினார்கள். யார் மீதும் சந்தேகப்பட்டு அல்ல, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று. கணக்கு வாசிப்பது ஊர் வழக்கமாகிவிட்டால், "என்னை ஏன் கேட்கிறாய்" என்று யாருக்கும் கோபம் வராது. கேட்கிறவருக்கும் கூச்சம் இருக்காது.

தமிழ்நாட்டில் சின்னதும் பெரிசுமாகச் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பணம் வந்தாலும் சரி, ஊர்ப் பணம் ஆனாலும் சரி, நான் சொல்வது நாலு காரியம்.

முதலாவது, வேலை முடிந்த ஒரு மாதத்துக்குள் ஏரிக்கரையிலேயே கூட்டம் போட்டு வரவு செலவை உரக்க வாசியுங்கள். வாசித்ததைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். கல்வெட்டு வேண்டாம், சுண்ணாம்பும் கரியும் போதும்.

இரண்டாவது, பொறுப்பை வருஷத்துக்கு வருஷம் மாற்றுங்கள். இருந்தவருடைய நெருங்கின சொந்தத்தை அடுத்து உட்கார வைக்காதீர்கள்.

மூன்றாவது, கடைமடைக்காரர், குத்தகைக்காரர், விவசாயக் கூலி வேலை செய்கிறவர், பெண்கள், எல்லாரையும் சேருங்கள். அன்றைய குடத்தில் விட்டுப்போன பெயர்கள் அவை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 2016இல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் ஆனது. ஏரிக் கூட்டத்தில் மட்டும் ஏன் அவர்கள் வெளியே நிற்கவேண்டும்?

நாலாவது, வண்டல் எடுக்கும்போது முறையான அனுமதி வாங்கி எடுங்கள். கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை பலவீனமாகும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. எடுத்த வண்டலை மணல் பாங்கான நிலத்தில் பரப்புங்கள், ஈரம் நிற்கும், எருச்சத்தும் சேரும். உவர் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ஒரு பிடி மண்ணை மண் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அப்புறம் போடுங்கள்.

2022ஆம் ஆண்டு முதல் கிராம சபைக் கூட்டம் ஆண்டுக்கு 6 முறை என்று ஆனது. அதிலே ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். எழுந்து நின்று, "நம்ம ஏரிக் கணக்கைக் கொஞ்சம் வாசிங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பொறுப்பு உங்களிடம் இருந்தால், யாரும் கேட்கும் முன்னாலேயே ரசீதை எடுத்து வாசித்துவிடுங்கள். டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த யோக்கியதை ஏரிக்கு உதவாது.