நீருக்கடியில் ஒரு பட்டினம்

இத்தாலியின் வடமேற்குக் கரையில் சான் புருத்துவோசோ என்றொரு சிறு குடா இருக்கிறது. வாகனப் பாதை கிடையாது. படகில் போகவேண்டும், அல்லது மலையிறங்கி நடந்து போகவேண்டும். ஐரோப்பாவில் குடியேறிவிட்ட பழைய நண்பர் ஒருவர் குடும்பத்தோடு அங்கே படகில் சென்று, நீந்தி, மதிய உணவுண்டு திரும்பியதை எனக்கு விரிவாக எழுதியிருந்தார். அந்தக் குடாவின் கடலடியில், ஏறத்தாழ 17 மீற்றர் ஆழத்தில், கைகளை மேலே உயர்த்தியபடி யேசுநாதரின் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. 1954ஆம் ஆண்டு அதனை அங்கே இறக்கி நிறுத்தினார்கள். "தண்ணீருக்குள் தெய்வத்தைக் கண்டதுண்டா?" என்று நண்பர் கேட்டிருந்தார்.

தெய்வத்தைக் கண்டேனோ தெரியாது. தெய்வத்தின் வீட்டைக் கண்டிருக்கிறேன். அதற்கு இத்தாலி போகவேண்டியதில்லை. ஹற்றனில் இறங்கி, நோர்வூட் வழியாக மஸ்கெலியா செல்லும் பஸ்ஸில் ஏறினால் போதும்.

மவுசாக்கலை நீர்த்தேக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 அடி உயரத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கிறது. வானம் வெளுத்த நாளில் சிவனொளிபாதமலையின் கூம்பு அதன் மேலே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், தோட்டத்து நண்பர் ஒருவர் மீன்பிடிப் படகொன்றை ஏற்பாடு செய்து எங்களை அக்கரையிலுள்ள ஓர் ஒதுக்குக்கு அழைத்துச் சென்றார். வாழையிலையில் சுற்றிய ரொட்டி, கட்டாச் சம்பல், கருவாட்டுப் பொரியல், போத்தலில் தேத்தண்ணீர். இவ்வளவுதான் எங்கள் மதிய உணவு. இத்தாலிய நண்பரின் பட்டியலோடு ஒப்பிட்டால் எளியதுதான். ஆனால் அந்தக் குளிருக்கு அந்தச் சம்பலின் உறைப்பை வெல்லும் பண்டம் எதுவுமில்லை.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினேன். இந்தத் தேக்கங்களில் ஆழம் சட்டென்று கூடும். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் எச்சரிக்கை வேண்டும். படகோட்டி உரக்கச் சொன்னார்: "அதுக்கு மேல போகாதீங்க ஐயா. அந்தப் பக்கம் பழைய டவுன் இருக்கு."

இருந்தது என்று அவர் சொல்லவில்லை. இருக்கு என்றே சொன்னார்.

பழைய மஸ்கெலியாப் பட்டினம் அங்கேதான் இருக்கிறது. மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டிய மவுசாக்கலை அணை 1969இல் நிறைவுற்றபோது, ஆற்றோரம் இருந்த கடைவீதியும் குடிமனைகளும் வழிபாட்டிடங்களும் நீருக்குள் போயின. இன்று நாம் பஸ்ஸில் போய் இறங்கும் மஸ்கெலியா, அதன் பின்னர் மேட்டு நிலத்தில் எழுந்த புதிய ஊர். கடும் வரட்சியில் நீர்மட்டம் வீழ்ந்தால் பழைய இந்துக் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும். மூன்று மதத்தவரும் ஒரே கடைத்தெருவில் வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அணை ஏன் வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1924இல் வேலை தொடங்கி, இடையில் நின்று, லக்ஷபான மின்நிலையம் இயங்கியது 1950இல்தான். கெசல்கமுவ ஓயாவின் மீது காசல்ரீ அணை 1965இல் வந்தது. அடுத்தது மவுசாக்கலை. இந்த இரு ஆறுகளும் கீழே கலந்து களனி கங்கையாகின்றன. ஆக, மலைநாட்டு நீர் கொழும்புக்கு விளக்காகவும் போகிறது, குடிநீராகவும் போகிறது. அந்த நீரைத் தேக்கித் தந்த பள்ளத்தாக்கின் லயன்களிலோ அதன் பிறகும் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. நாடு முழுவதற்கும் மின்சாரம் தேவைப்பட்டதை நான் மறுக்கவில்லை. விமலசுரேந்திர தீர்க்கதரிசிதான். ஆனால் ஓர் ஊரை மூழ்கடிக்கும் முன் அந்த ஊராரிடம் கேட்கவேண்டும் அல்லவா?

யாரிடம் கேட்பது என்பதே கேள்வி. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஜி. ஆர். மோத்தாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அம்முறை மலையகத்திலிருந்து அந்தக் கட்சியின் சார்பில் ஏழு பேர் சென்றார்கள். அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் மிகப் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஏழு ஆசனங்களும் கரைந்துபோயின. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். காசல்ரீயில் நீர் ஏறியதும் மவுசாக்கலையில் அணை எழுந்ததும் இந்த ஒப்பந்தத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான். இந்தப் பள்ளத்தாக்கின் தொழிலாளிக்குத் தான் எந்த நாட்டவன் என்பதே தெரியாத நேரம். ஊர் மூழ்குவதை எதிர்த்து அவன் எந்த நாட்டு அரசிடம் மனுக் கொடுப்பான்?

தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரிக்குப் போய், 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தார்கள். அவர்களுள் சிலராவது பிறந்த ஊர் என்ற இடத்தில் மஸ்கெலியா என்று எழுதியிருப்பார்கள். அந்த ஊர் நீருக்குள் போனது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா?

படகில் திரும்பும்போது ஏழு கன்னியர் மலைத்தொடரைக் காட்டினார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் மோதி 191 பேர் மாண்ட இடம். அதனை வேறொரு நாளில் எழுதவேண்டும்.

அந்த மாசியில் நீர் நன்றாக இறங்கியிருந்தது. கோயிலின் மேற்பகுதி வெளியே தெரிந்தது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். யாரும் சொல்லாமலே படகிலிருந்த இரு பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் எங்கள் சாப்பாட்டுப் பையில் மீந்திருந்த ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீரில் விட்டார். அது மூழ்காமல் சுவரை ஒட்டிக் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருந்தது.

"என் அம்மாவுக்கு இங்கதான் ஐயா கல்யாணம்," என்றார் படகோட்டி. பிறகு இயந்திரத்தை முடுக்கினார்.