பினாங்கை வகுத்த கோடுகள்

தமிழில் ‘வரைதல்’ என்பது பொருள்வளம் மிக்க சொல். சித்திரம் எழுதுதலும் வரைதல். எல்லை குறித்தலும் வரைதல். தலைவன் தலைவியை மணந்துகொள்வதை அகப்பொருள் இலக்கணம் ‘வரைவு’ என்று வழங்குகிறது. மூன்றிலும் ஊடுருவி நிற்கும் கருத்து ஒன்றே. அலைந்துகொண்டிருந்த எண்ணம் ஓரிடத்தில் நின்று உறுதி பெறுகிறது. ஆதலின் வரைதலை ஓவியர்க்கு மட்டும் உரிய கலையென ஒதுக்குவது பொருந்தாது. அது எண்ணத்தின் கருவி. தொழில் செய்வாரின் அன்றாடக் கருவியுமாகும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ‘நூல்’ என்பதன் மாண்பைக் கூற வந்த பவணந்தி முனிவர், தச்சனின் நூலை உவமையாகக் கொள்கிறார். மரத்தின் கோணலைத் தீர்ப்பது அந்த நூல்; மனத்தின் கோணலைத் தீர்ப்பது கற்கும் நூல். நெடுநல்வாடையிலோ, நண்பகலில் கோல் நட்டு நிழல் நோக்கி, திசை தெளிந்து, கயிறிட்டு அரண்மனைக்கு இடம் வகுக்கிறார்கள் நூலறிந்தோர். சுவர் எழுவதற்கு முன்னரே கோடு எழுந்துவிடுகிறது.

கோடு முந்திப் பிறந்து நகரம் பிந்திப் பிறந்ததற்குப் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நல்ல சான்று. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது, காட்டை வெட்டுவிக்கும் பொருட்டு வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் இட்டுச் சுட்டார் என்றொரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், காடு அழிந்தால் வெற்றிடம் கிடைக்குமேயன்றி நகரம் கிடைக்காது. வடக்கே லைட் தெரு, கிழக்கே கடற்கரைத் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே சூலியா தெரு என நான்கு எல்லைகள் குறித்து, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நேர்த் தெருக்கள் வகுத்த பின்னரே அது நகரமாயிற்று. தெற்கெல்லையாகிய சூலியா தெருவுக்கு முன்னர் மலபார் தெரு என்று பெயர். அக்கால ஐரோப்பியர் தமிழரை ‘மலபார்கள்’ என்றே அழைத்தனர். நகரின் முதற் கோடுகளுள் ஒன்று நம்மவர் பெயரைத் தாங்கி நின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பிட் தெருவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் இன்றும் நிற்கின்றன.

கோட்டின் ஆற்றலைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நன்கு உணர்ந்திருந்தனர். 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். எட்டே மாணவரோடு தொடங்கிய அப்பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. அளக்கவும் அளந்ததை வரையவும் தெரிந்த கை, ஆட்சிக்கு இன்றியமையாததாக இருந்தது.

சென்னையில் உருவான கட்டட அமைப்பு ஒன்று கடல் கடந்து பினாங்குக்கும் வந்தது. 1815-இல் சென்னையில் கட்டி முடிந்த புனித ஜார்ஜ் பேராலயம், கால்டுவெல் என்னும் இராணுவப் பொறியாளர் வகுத்தது. அதன் அமைப்பைத் தழுவி ராபர்ட் ஸ்மித் வரைந்த திட்டப்படி, 1818-இல் பினாங்கில் புனித ஜார்ஜ் தேவாலயம் கட்டி முடிந்தது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். காகிதத்தில் உள்ள கோடு தானாகச் சுவராகிவிடாது. அதை மண்ணில் கயிறாக இழுக்க வேண்டும். மூலைமட்டம் வைத்து மூலை சேர்க்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் செங்குத்தை ஒவ்வொரு வரியிலும் சோதிக்க வேண்டும். ஆங்கிலம் அறியாதவனும் படித்தறியக்கூடிய மொழி கோடு. வரைந்தவன் எண்ணத்தைக் கட்டுபவன் தன் கையால் மீண்டும் எண்ணுகிறான். ஆயினும் வரைந்தவர் பெயர் வரலாற்றில் நின்றது. கட்டியவர்களோ ‘கைதிகள்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர். கோட்டைப் போற்றும் நாம், கோட்டைச் சுவராக்கிய கைகளை மறத்தல் நன்றன்று.

அத்தேவாலயம் மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. முதலில் அதற்கு இடப்பட்டது தட்டைக் கூரை. மழையும் ஈரமும் மிகுந்த இத்தீவுக்கு அது ஒவ்வவில்லை. 1864-இல் அதனை மாற்றிச் சரிவான கூரை அமைத்தார்கள். ஓரூரின் படத்தை மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்லலாம். அவ்வூரின் வானத்தை உடன் கொண்டுசெல்ல இயலாது. படம் என்பது முடிந்த முடிபன்று. இடத்தை நோக்கித் திருத்தி எழுதவேண்டிய எண்ணம். காகிதத்தில் திருத்துவதற்கு ஒரு நொடி போதும். கட்டிய பின் திருத்துவதற்கோ இங்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இவ்வாறு எண்ணும் பழக்கம் பொறியாளருக்கே உரியதன்று. வாசலில் கோலமிடும் பெண் முதலில் புள்ளியை எண்ணி வைக்கிறாள். கோடு எங்கே வளையும், எங்கே வந்து கூடும் என்பதை இழுக்குமுன்னே மனத்தில் கண்டுவிடுகிறாள். 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தோரும் கோலத்தில் கணித இலக்கணம் இருப்பதை எடுத்துக்காட்டினர். பாட்டியின் விரலில் இருந்தது கல்லூரியில் ஆய்வாயிற்று.

ஆனால் நம் பள்ளிகளில் சித்திரம் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பாடமாகவே எண்ணப்படுகிறது. அழகாக வரையும் இரண்டொரு பிள்ளைகளைப் பாராட்டுவதோடு அது முடிந்துவிடுகிறது. அழகு வேறு, தெளிவு வேறு. தன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒரு மாணவன் வரையட்டும். எங்கே தெரு திரும்புகிறது, எது பெரிது, எது சிறிது என அவன் உற்றுநோக்கத் தொடங்குவான். தான் அறியாதது எது என்பதையும் அப்போதே அறிவான். சொல்லில் மறைந்துவிடும் பிழை கோட்டில் மறையாது. 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனில், வகுப்பறைக்கு வெளியே ஒவ்வொரு தெருவும் இதற்கு ஏற்ற பாடநூலாகும். தமிழாசிரியர்கள் மாணவர்களை அத்தெருக்களுக்கு அழைத்துச் சென்று, கையில் ஒரு தாளும் கரிக்கோலும் கொடுத்தால், வரலாறும் மொழியும் அவர்கள் கண்ணுக்கு ஒருங்கே புலப்படும்.