ராயல்டி

இங்கிலாந்தில் பொன், வெள்ளிச் சுரங்கங்கள் அரசருக்கே உரியவை. தோண்டுகிறவர் அரசருக்குச் செலுத்திய பங்குதான் ராயல்டி. லத்தீனில் அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' இதன் வேர். நம் நாட்டில் கனிமங்களுக்கு அரசு வாங்கும் தொகைக்கு இன்றும் இதே பெயர். நூலாசிரியருக்குத் தரும் பங்கு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. தமிழில் உரிமைத்தொகை என்கிறோம், பேச்சில் ராயல்டிதான்.

ஆனால் எதில் பங்கு என்பதைச் சொல் சொல்வதில்லை. வழக்கமான பதிப்பகம் தன் பணத்தில் அச்சிட்டு, பெரும்பாலும் விற்பனை விலையில் கணக்கிடும். 200 ரூபாய் நூலுக்குப் பத்து சதவீதம் என்றால் பிரதிக்கு 20 ரூபாய். ஆசிரியரிடமே பணம் வாங்கி அச்சிடுகிறவர்கள் 'நூறு சதவீத ராயல்டி' என்று விளம்பரம் செய்வார்கள். அது அச்சுச் செலவும் கடைக் கழிவும் போக மிஞ்சுவதில் நூறு. 200 ரூபாயில் அச்சுக்கு 90, கடைக்கு 80 போனால் கையில் 30. முன்பணமாக 30,000 கட்டியவர் அதை மீட்கவே ஆயிரம் பிரதி விற்க வேண்டும். தன் முதலைத் தானே திரும்ப எடுப்பதற்கு ராயல்டி என்ற பெயர் கொஞ்சம் அதிகம்தான்!

ஒப்பந்தத்தில் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன், அது விற்பனை விலையிலா, நிகர வரவிலா என்று பாருங்கள்.