முதுமைக் குடலும் இல்லத்துச் சமையலறையும்

வயது ஏற ஏறப் பெருங்குடல் நுண்ணுயிரிகளின் வகைகள் குறைந்துபோவது முதுமையின் இயல்பு என்ற கருத்து மருத்துவ எழுத்தில் வேரூன்றியது. அதை வலுவாக அசைத்தது அயர்லாந்தின் கார்க் நகரைச் சார்ந்து நடந்த எல்டர்மெட் ஆய்வு. 2012-இல் நேச்சர் இதழில் வெளியான இவ்வாய்வில் 178 முதியோரின் குடல் நுண்ணுயிரிகளும் உணவும் உடல்நிலையும் ஒருசேர அலசப்பட்டன. சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் ஒரு தொகுதியாகவும், நீண்டகாலப் பராமரிப்பு இல்லவாசிகள் வேறொரு தொகுதியாகவும் பிரிந்து நின்றனர். பின்னவர்களிடம் நுண்ணுயிரி வகைகள் குறைவு. உடல் நலிவும் அழற்சிக் குறிகளும் அதிகம்.

நலிந்தவர்கள்தானே இல்லத்துக்குப் போகிறார்கள், நலிவே நுண்ணுயிரிகளை மாற்றியிருக்கலாமே என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். ஆனால் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். இல்லத்தில் சேர்ந்து ஒரு மாதத்துக்குள்ளாகவே உணவு இல்லத்து உணவாகிவிடுகிறது. நுண்ணுயிரிகள் அந்தச் சாயலை முழுதாகப் பெற ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கிறது. முந்துவது தட்டு; பின்தொடர்வது குடல். இது காரணத்தை ஐயமற நிறுவிவிடாது. என்றாலும் பழியை வயதின் மேல் மட்டும் போடுவது இனி எளிதல்ல.

அந்தத் தட்டில் என்ன இருந்தது? காய், பழம், முழுதானியம் சுருங்கிய இடத்தில் மசித்த உருளைக்கிழங்கும் இனிப்புப் புட்டிங்கும். இதைச் சமையற்காரரின் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். பல் இல்லாதவர், விழுங்கச் சிரமப்படுபவர், ஊட்டிவிட ஆள் வேண்டியவர் எனப் பலருக்கும் ஒரே நேரத்தில் பரிமாற வேண்டும். புரையேறிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. தோல் சீவி மசித்தால் எல்லாருக்கும் ஆகும். ஆனால் நார் ஒரே பொருளன்று. பெக்டின், இனுலின், செரிமானத்துக்குத் தப்பிய மாவுச்சத்து என ஒவ்வொன்றையும் வெவ்வேறு நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்கின்றன. அவ்வாறு உருவாகும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் உட்சுவர்ச் செல்களின் முதன்மை எரிபொருள். நாரின் வகை குறைந்தால் அதை நம்பி வாழும் நுண்ணுயிரியும் குறைகிறது.

அப்படியானால் நார்ப்பொடியைக் கலந்து கொடுத்துவிடலாமே? இங்கேதான் இரு வேறு நோக்கங்கள் குழம்பிவிடுகின்றன. வியன்னாவில் ஒரு முதியோர் மருத்துவமனையில் அன்றாட உணவில் ஓட்ஸ் தவிடு சேர்த்தபோது பலருக்கு மலமிளக்கியே தேவைப்படாமல் போயிற்று. ஆனால் நலிந்த முதியோருக்கு நொதிக்கும் நார்களைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த சோதனையொன்றில் (2019) சில நுண்ணுயிரி இனங்கள் மட்டுமே மாறின. ஒட்டுமொத்தப் பன்மை மீளவில்லை. மலம் எளிதாகக் கழிவது ஒன்று, நுண்ணுயிரிச் சமூகம் தேறுவது வேறொன்று. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, அதுவும் உணவில் இயல்பாக உள்ளது, வேண்டும் என்கிறது. பொடியால் அந்தக் கிராம் எண்ணை மட்டும் எட்டிவிடலாம். பன்மையை எட்டிவிட்டதாக அதற்குப் பொருளில்லை.

முழு உணவையே மாற்றிப் பார்த்தது நியூ-ஏஜ் ஆய்வு. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 65 முதல் 79 வயதுவரையான 612 பேரை ஆராய்ந்தது. ஓராண்டு மத்தியதரைக் கடல் உணவைப் பற்றி நின்றவர்களிடம் நலிவு குறைவதோடு தொடர்புடைய நுண்ணுயிரிகள் பெருகின. ஆனால் இவர்கள் பெரும்பாலும் நடமாடும் முதியோர். கடும் நலிவுற்றவர்கள் சேர்க்கப்படவில்லை. இல்லவாசிகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. எனினும் குழைய வேக வைத்து மசித்த பருப்பு, தோலோடு வேக வைத்து அரைத்த பழம், காய்கறிக் கூழ் ஆகியவை விழுங்கவும் எளிது, நாரும் போகாது. அளவை வாரக்கணக்கில் மெல்லக் கூட்டி, போதிய நீரும் தர வேண்டும்.

மலச்சிக்கலுக்கு எப்போதும் நார்க்குறைவே காரணமன்று. ஓபியாய்டு வலிநிவாரணியோ இரும்புச்சத்து மாத்திரையோ காரணமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மருந்துச்சீட்டைத்தான். குடல் அசைவே மந்தப்பட்டவருக்குத் தவிட்டைக் கூட்டினால் வயிறு உப்புவதுதான் மிச்சம்.