பால் நமது, பங்கு யாருடையது?

உழைப்போர் ஒரு சாராரும் உடையோர் மற்றொரு சாராருமாய் உலகம் பிரிந்து கிடப்பது புதிய செய்தியன்று. அப்பிரிவினை நம் சமூகத்தை எங்ஙனம் தொட்டது என்பதை, நோயாளியின் உடலினுள் செலுத்தப்படும் ஒரு மெல்லிய குழாயின் சரித்திரங் கொண்டு ஆராயப் புகுகின்றோம். கதீட்டர் எனப்படும் அக்குழாய், அடைபட்ட சிறுநீரை வெளியேற்றவும் நரம்பின் வழியே மருந்தேற்றவும் பயன்படுவது.

1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிற்பதைக் கண்டார். அதன் பின்னரே பிரெஞ்சு மருத்துவர் நெலட்டன், விறைத்த உலோகக் குழாய்க்கு மாறாக, வளையும் ரப்பர்க் குழாயை வழக்கிற் கொணர்ந்தார். 1930-களில் அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் போலி, நழுவி விழாதிருக்க நுனியருகே ஊதிப் பருக்கும் சிறு பையுடைய ரப்பர்ப்பாற் குழாயை அமைத்தார். அதை விற்று வளர்ந்த பார்ட் கம்பெனியை 2017-இல் பெக்டன் டிக்கின்சன் கம்பெனி ஏறக்குறைய 2,400 கோடி டாலருக்கு வாங்கிற்று. போலியின் காலத்தில் உலக ரப்பரின் பெரும்பங்கை அளித்த நாடுகளுள் மலாயா தலையாயது. அதன் பெருந்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியோரோ பெரும்பாலும் நம்மவர்.

நிற்க. பினாங்கைப் பார்ப்போம். 1969-இல் ஜார்ஜ் டவுன் தன் சுங்கமிலாத் துறைமுக உரிமையை இழந்து வேலையின்றித் தவித்தது. அதற்கு மாற்றாக 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் பி. பிரவுன் கம்பெனியும் பினாங்குக்கு வந்தது. நரம்பிற் செலுத்தும் குழாய்களை அது இங்கே செய்கின்றது. அவை ரப்பராலன்றிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. நீரிணைக்கு அப்பால், ஒரு காலத்தில் ஒப்பந்தத் தமிழர் கரும்பு வெட்டிய செபராங் பிறையில், பத்து காவானில் இன்று பாஸ்டன் சயன்டிபிக் ஆலை நிற்கின்றது.

இவற்றில் நாம் பங்கு வாங்கலாகாதோ எனின், பிரவுன் கம்பெனி ஒரு குடும்பத்தின் உடைமை; அதன் பங்கு சந்தைக்கு வருவதில்லை. பாஸ்டன் கம்பெனியின் பங்கோ நியூயார்க்கில் விலையாகின்றது. ஆலை நம் வாயிலில் இருந்தும் உடைமை கடல் கடந்தே இருக்கின்றது.

நம்மவருக்குப் பங்கு என்பது புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் 100 வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினர்; கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அச்சங்கம் இன்றும் நிலைத்துள்ளது. 1982-இல் தோன்றிய மைக்கா ஹோல்டிங்ஸ் நம்மவரிடம் 10 கோடி வெள்ளிக்கு மேல் திரட்டியது. 2010-இல் அதன் ஒரு வெள்ளிப் பங்குக்குக் கிடைத்த விலை 80 காசு. இரண்டிலும் சிந்திய வியர்வை ஒன்றே. முன்னதில் தொழிலாளி தான் அறிந்த மண்ணையும் மரத்தையும் வாங்கினான். பின்னதில் அறியாத தொழில்களுக்கு நம்பிக்கையை மட்டும் முதலாக இட்டான்.

மருத்துவச் சரக்கிலும் இப்பாடம் பொருந்தும். கொள்ளைநோய்க் காலமான 2020 அக்டோபரில் டாப் குளோவ் கையுறைக் கம்பெனியின் பங்கு ஒன்பது வெள்ளியைத் தாண்டியது. 2022-இல் ஒரு வெள்ளிக்கும் கீழிறங்கியது. இடையே, தொழிலாளரை வற்புறுத்தி வேலை வாங்குவதாகக் கூறி அமெரிக்கா 2020-இல் அக்கம்பெனியின் சரக்கைத் தடுத்து, 2021-இல் தடையை நீக்கியது. தொழிலாளியின் விடுதியில் நேரும் குறை பங்காளியின் பெட்டியையும் தொடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, மருத்துவக் கருவிக் கம்பெனியில் முதலிட விரும்புவோர் கேட்கவேண்டியவை நான்கு: உடையவர் யார்? காப்புரிமை எவருடையது? 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி சரக்குப் பதிவாகியுள்ளதா? தொழிலாளி எவ்விதம் நடத்தப்படுகின்றான்? தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் பெயர் பதியும் நமக்கு ஒன்று தெரியும்: பெயர் ஏட்டிலிருப்பதால் மட்டும் ஒருவன் உடையவனாவதில்லை. நமது வாசகசாலைகளில் பத்திரிகைகளோடு கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளும் இடம்பெறட்டும். படித்தவர் படியாதவருக்கு விளக்கட்டும். அறிந்து இடும் பத்து வெள்ளி, அறியாது இடும் ஆயிரத்தினும் மேலாம்.