உணர்விழந்த கைகளும் திருச்சபையின் கைகளும்
(தமிழகத் தொழுநோய்ப் பணி வரலாறு கற்பிக்கும் சில உண்மைகள்)

முன்னுரை

வந்து போகும் நோய்கள் உண்டு. வந்து தங்கிவிடும் நோய்களும் உண்டு. முதல் வகை நோயுற்றோருக்காக மன்றாடவும், அவர்கள் நலம் பெற்றபின் நன்றிக் காணிக்கை படைக்கவும் நமது சபைகள் நன்கு பழகியிருக்கின்றன. ஆனால் பத்து, இருபது ஆண்டுகளாக ஒரே நோயுடன் வாழ்பவரிடம் என்ன பேசுவது என்று நாம் அறியோம். முதல் ஆண்டில் அவருடைய பெயர் ஞாயிறுதோறும் மன்றாட்டில் இடம்பெறும். மூன்றாம் ஆண்டில் அது மெல்ல விடுபட்டுப் போகும். "என் விசுவாசக் குறைவினால்தான் நான் குணமடையவில்லையோ?" என்று அவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி நம் செவிக்கு எட்டுவதில்லை.

இக்குறையை ஆராய நாம் வேறெங்கும் செல்லத் தேவையில்லை. தங்கிவிடும் நோயோடு வாழ்வது எப்படி என்பதைத் தமிழகத்திலேயே நோயாளரும் மருத்துவரும் சேர்ந்து பல ஆண்டுகள் பாடுபட்டுக் கற்றிருக்கின்றனர். தொழுநோய்ப் பணியின் வரலாறே அது. தொழுநோய்க் கிருமியை இன்று மருந்தால் முற்றிலும் அழித்துவிடலாம். எனினும் கிருமியால் முன்னரே பழுதடைந்துவிட்ட நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை. நோய் தீர்ந்தபின்னும் அதன் விளைவோடு வாழ்நாள் முழுவதும் வாழ வேண்டியவர் பலர். நீரிழிவு, மூட்டுவாதம், பக்கவாதம் போன்றவற்றோடு வாழ்வோருக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு.

1. புகலிடக் காலம்

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சென் 1873-இல் கண்டறிந்தார். அதற்கு அடுத்த ஆண்டில், அம்பாலாவில் தொழுநோயாளரின் நிலையை நேரில் கண்டு மனம் உருகிய வெல்லெஸ்லி பெய்லியின் முயற்சியால், தொழுநோய் மிஷன் அயர்லாந்தில் தோன்றியது. நாடெங்கும் மிஷனெரிகள் தொழுநோயாளர் இல்லங்களை நிறுவினர். தெருவில் துரத்தப்பட்டவர்களுக்குக் கூரையும் உணவும் கிடைத்தன. அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கவும் ஆட்கள் இருந்தனர். இதனை நாம் சிறிதாக எண்ணலாகாது.

ஆயினும் அவ்வில்லங்களின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே வைக்கப்பட்டனர். பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டு வேறு விடுதிகளில் வளர்க்கப்பட்டனர். 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமோ, பிச்சையெடுத்து வாழ்ந்த நோயாளரைக் காவலர் பிடித்து இல்லங்களில் அடைக்க வழி செய்தது. சில தொழில்களையும் அவர்களுக்குத் தடுத்தது. அன்பினால் கட்டப்பட்ட சுவரும் அச்சத்தினால் எழுப்பப்பட்ட சுவரும் ஒரே சுவராகிவிட்ட காலம் அது.

அக்காலத்து மருந்து நீரடிமுத்து எண்ணெய். அதனை ஊசி மூலம் செலுத்துவது மிகுந்த வேதனை தந்தது, பயனோ நிச்சயமற்றது. ஆகவே நோயாளரை இறக்கும் வரை பாதுகாப்பதே பணியின் எல்லை என்று பலரும் கருதினர். உடல் தானே அழுகி உதிரும் என்ற எண்ணம் நோயாளர் உள்ளத்திலும் உறைந்திருந்தது. தன் உடலுக்காகத் தானே செய்யத்தக்கது எதுவுமில்லை என்று நம்பியவர் தன் உடலைக் கைவிட்டுவிடுவது இயல்பே.

2. மருந்து வந்தது, ஊனம் நின்றது

1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து முதன்முதலாக நற்பயன் தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் செங்கல்பட்டை அடுத்த திருமணியிலும் வேலூரிலும் பணிபுரிந்த மருத்துவர் இராபர்ட் காக்ரேன் அவ்வகை மருந்துகளை இந்நாட்டில் பயன்படுத்துவதில் முன்னோடியாக விளங்கினார். கிருமி அடங்கியது. ஆனால் கிருமி அடங்கியவர்களின் விரல்களும் தொடர்ந்து குறுகின. பாதப் புண்களும் ஆறவில்லை. மருந்தால் விளங்காத புதிர் ஒன்று எஞ்சியது.

அப்புதிரை அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். காக்ரேனைக் காணச் சென்ற இடத்தில், மடங்கிய விரல்களையுடைய நோயாளர் ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு கேட்டார். சூம்பியதாகத் தோன்றிய அக்கை அவருக்கு வலியெடுக்குமளவு இறுகப் பற்றியது. எனவே கை முழுவதும் செத்துவிடவில்லை. சில நரம்புகள் மட்டுமே செயலற்றுப் போயிருந்தன. முன்கையின் நல்ல தசைகளோ வலிமையுடன் இருந்தன. அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறை வேலூரில் உருவாயிற்று. 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது.

அறுவையினும் பெரிய கண்டுபிடிப்பு வேறொன்று. தொழுநோய் சதையைத் தின்பதில்லை; அது வலியை எடுத்துவிடுகிறது; வலியில்லாத கையை அன்றாட வாழ்க்கையே தின்றுவிடுகிறது. துருப்பிடித்த பூட்டைத் திறந்த சிறுவனின் விரலை அச்சாவி எலும்பு தெரியுமளவு கிழித்தது. அவனோ அதை அறியவில்லை. சூடான பாத்திரத்தை இறக்கிய கை வெந்தும் விலகவில்லை. இரவில் காணாமற்போன விரல் நுனிகளை எலிகள் கடித்தெடுத்தன என்று கண்டறிந்தபோது, நோயாளர்களுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன! வலியைத் தண்டனை என்றே போதித்து வந்த நமக்கு, வலி உடலின் காவலாள் என்ற இவ்வுண்மை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. வலி அனைத்தையும் இது நியாயப்படுத்திவிடாது. தீராத வலியால் வதைபடுவோரிடம் "இது கடவுளின் கொடை" என்று சொல்வது கொடுமையே. ஆனால் வலியையும் பாவத்தையும் அவசரமாக முடிச்சுப் போடும் போதனையை இவ்வுண்மை தகர்த்துவிடுகிறது.

3. நாள்தோறும் உடலைப் பேணுதல்

வலி செய்ய மறந்த காவலை யார் செய்வது? கண்ணும் கருத்தும் பழக்கமும் செய்ய வேண்டும். இவ்விடையே தொழுநோய்ப் பணியை மாற்றியமைத்தது.

உணர்விழந்த பாதமுடையவர் ஒவ்வொரு மாலையும் அமர்ந்து தம் உள்ளங்காலைப் பார்க்கிறார். சிவப்போ வீக்கமோ சூடோ உண்டா, முள் தைத்திருக்கிறதா என ஆராய்கிறார். பாதங்களைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து நீக்கி, ஈரம் உலருமுன் எண்ணெய் பூசுகிறார். முள்ளும் ஆணியும் தைக்காத அடிப்பாகமும், அழுத்தத்தைத் தாங்கும் மென்மையான ரப்பர் உள்தளமும் கொண்ட செருப்பை அணிகிறார். நீண்ட தூரத்தை ஒரே மூச்சில் நடவாமல் இடையிடையே இளைப்பாறுகிறார். புண் வந்தால் களிம்பைவிட ஓய்வே மருந்து; மாவுக்கட்டுப் போட்டு நிறுத்தப்பட்ட பாதத்தில் பல ஆண்டுப் புண்களும் ஆறின. கைக்கு: அடுப்பில் துணியைப் பற்றிக்கொண்டு பாத்திரத்தை இறக்குதல், கருவிகளின் பிடியைத் தடிமனாக்குதல். இமை மூடாத கண்ணுக்கு: நினைவூட்டிக்கொண்டு இமைத்தல், உறங்கும்போது துணியால் மூடுதல்.

இவற்றுள் ஒன்றும் வியத்தகு செயலன்று. ஆனால் இவற்றை நாற்பது ஆண்டுகள், ஒரு நாளும் விடாமல் செய்தல் எளிதன்று. நாள்தோறும் ஜெபிப்பதன் அருமையை அறிந்த நாம், நாள்தோறும் தன் பாதத்தைக் கழுவிப் பார்ப்பவரின் அருமையையும் அறிய வேண்டும். அதுவும் ஒரு பக்தி ஒழுக்கமே.

இதற்குத் தடையாக நின்றது சோம்பல் அன்று. உணர்வற்ற கைகால்கள் தம்முடையவை அல்ல, உடலோடு ஒட்டிய வெறும் கருவிகள் என்றே பல நோயாளர் உணர்ந்தனர் என்பதை பிராண்ட் எடுத்துக்காட்டினார். உணர முடியாததை நேசிப்பது கடினம். ஊரார் தொட மறுத்த கையைத் தானும் தொட மறுப்பவர் அதனைப் பேணுவதில்லை. எனவே பிறர் தொடுதல் முதலில் வந்தது. வெறுங்கையால் அக்கையைப் பற்றி, விரல் விரலாய்ப் பயிற்சி அளித்த உடற்பயிற்சி மருத்துவர்களும் செவிலியரும் அக்கை பேணத்தக்கது என்பதைத் தொட்டே கற்பித்தனர்.

4. உள்ளத்தின் காயம்

கை சீரானால் வாழ்வு சீராகும் என்ற எதிர்பார்ப்பும் விரைவில் பொய்த்தது. அறுவை முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு வேலையோ வீடோ கிடைக்கவில்லை. விரல்கள் நிமிர்ந்துவிட்டதால் பிச்சையும் குறைந்தது. சீரான கையால் தமக்கு இழப்பே என்று மருத்துவரிடமே முறையிட்டவர் உண்டு. இம்முறையீட்டின் விளைவாக 1951-இல் வேலூரில் "நவஜீவ நிலையம்" தோன்றியது. சிறு குடில்களில் தங்கி, மரவேலை முதலியன கற்று, தம் கையால் ஈட்டி உண்ணும் நம்பிக்கையோடு நோயாளர் ஊர் திரும்பினர். உடலுக்கு உழைப்பும் உள்ளத்துக்கு மதிப்பும் ஒன்றாகவே அளிக்கப்பட வேண்டும் என்பது அங்கே தெளிவாயிற்று.

நோயாளரே பணியாளரானதையும் இவ்வரலாற்றில் காண்கிறோம். டி. என். ஜகதீசன் தம் இளமையில் தொழுநோயுற்றவர். அதனை மறைத்து ஒதுங்கி வாழாமல், நாடளாவிய தொழுநோய் ஒழிப்பு இயக்கத்தின் தூண்களுள் ஒருவரானார். 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும் நாம் நன்றியோடு குறிக்கிறோம். இவ்வகைப் பணியில் கடவுளின் கை நமது சபை எல்லைக்குள் அடங்கிவிடவில்லை.

மேரி வர்கீஸ் வேலூரில் பயின்ற இளம் மருத்துவர். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். நடக்க இயலாதவர் அறுவை மருத்துவராக முடியுமா என்ற ஐயத்தை மீறி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணமானார். 1986-இல் மறையும் வரை அவர் எழுந்து நடக்கவில்லை. குணமடைந்தவரின் சாட்சியை மட்டுமே மேடையேற்றும் நமது வழக்கத்தின்படி, அவருக்குச் சாட்சி சொல்ல இடமில்லை! ஆனால் முதுகுத்தண்டு முறிந்து வேலூருக்கு வந்தவர்களுக்கு, தம்மைப் போலவே நாற்காலியில் அமர்ந்து தம்மிடம் வரும் மருத்துவரைக் கண்டதே முதல் நற்செய்தியாயிற்று.

5. சட்டமும் சொல்லும் சபையும்

1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை தொழுநோயின் வரலாற்றையே திருப்பியது. இன்று 6 அல்லது 12 மாதங்களில் சிகிச்சை முடிகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு 2005-ஆம் ஆண்டின் இறுதியில் எட்டியது. எனினும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே.

மருந்து ஓடிய வேகத்தில் மனித மனம் ஓடவில்லை. கூட்டு மருந்து வந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின், 2001-இல் கிறிஸ்தவர்க்குரிய மணமுறிவுச் சட்டம் திருத்தப்பட்டபோது, குணப்படுத்த இயலாத தொழுநோய் மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2019-இல்தான் அது நீக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டுச் சட்டமும் 2016 வரை ஏட்டில் நின்றது. நோயிலும் நலத்திலும் பிரியோம் என்று நமது பீடத்தின் முன் உறுதிமொழி வாங்கிக்கொண்டே, இவற்றை நாம் கண்டும் காணாதிருந்தோம்.

சொல்லும் சட்டத்தினும் கொடியதாகலாம். நோயின் பெயரால் மனிதரை அழைக்கலாகாது என்று 1948-இல் அவானாவில் கூடிய அனைத்துலகத் தொழுநோய் மாநாடு பரிந்துரைத்தது. நமது பழைய திருமறை மொழிபெயர்ப்பின் "குஷ்டரோகி" என்ற சொல்லோ இன்றும் பிரசங்க பீடத்தில் ஒலிக்கிறது. லேவியராகமம் கூறும் எபிரேயச் சொல் பலவகைத் தோல் நோய்களையும், ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணத்தையும்கூடக் குறிக்கிறது. இன்றைய தொழுநோயோடு அதனை ஒன்றாக்க முடியாது. இருந்தும் "பாவமாகிய குஷ்டம்" என்று முழங்குகிறோம். கடைசி வாங்கில் கையை முந்தானைக்குள் மறைத்து அமர்ந்திருக்கும் சகோதரியின் காதில் அது எப்படி விழுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

முடிவுரை

இவ்வரலாறு நமது ஊழியத்துக்குக் காட்டும் வழிகள் மூன்று. முதலாவது, குணமாதலையும் நலவாழ்வையும் ஒன்றென்று போதியாதிருப்போம். கிருமி நீங்கியவருக்கு வாழ்வு கிடைக்காமலும் போயிற்று. ஊனம் நீங்காதவர் நிறைவாழ்வு வாழ்ந்ததும் உண்டு. பவுலடியார் தம் முள்ளை நீக்குமாறு மும்முறை மன்றாடியும் அது நீங்கவில்லை; அவருடைய விசுவாசத்தை எவரும் குறை கூறுவதில்லை. இரண்டாவது, நீடித்த நோயுற்றோரின் அன்றாட உடற்பேணலைச் சபை தன் கவலையாக்கிக்கொள்ளட்டும். மருந்து வேளை, காலணி, ஓய்வு, வேலை ஆகியவை பற்றி விசாரிப்பதும் ஆயர் சந்திப்பின் பகுதியே. மூன்றாவது, நோயாளரைப் பரிவுக்குரிய பொருளாக மட்டும் கருதாமல், தங்கிவிடும் நோயோடு வாழ்வதைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் ஏற்போம்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் கைகளில் தழும்புகள் மறையவில்லை. தோமா அவற்றைக் கொண்டே அவரை அறிந்தான். தழும்புள்ள கைகளுக்கு நமது திருவிருந்துப் பந்தியில் தயக்கமின்றி இடம் கிடைக்கும் நாளில்தான், அந்த ஆண்டவரை நாமும் அறிந்தவர்களாவோம்.