போத்தலுக்குள் ஒரு வரலாறு: படகு எஞ்சினும் டீசல் பம்பும்

பழைய டீசல் எஞ்சின் பூட்டின படகோட கடலுக்குப் போறவர்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைப் பார்க்கலாம். ஸ்டார்ட் பண்ணமுதல், பில்டருக்குக் கீழே இருக்கிற திருகைத் திறந்து கொஞ்ச டீசலைப் போத்தலில் பிடித்துப் பார்ப்பார்கள். அடியில் தண்ணீர் நிற்கிறதா? ஊத்தை இருக்கிறதா? இந்தப் பயத்துக்கு ஏறத்தாழ நூறு வயது.

1897இல் ஜேர்மனியில் றுடோல்ப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சின் ஏறத்தாழ 3 மீற்றர் உயரம். அழுத்தின காற்றால் ஊதித்தான் அதற்குள் எரிபொருளைச் செலுத்தினார்கள். அதுக்குத் தனியாக ஒரு கொம்பிரசர் வேணும். கப்பலுக்குச் சரி, மீன்பிடிப் படகில் அதை எங்கே வைப்பது?

அதனால் ஸ்கண்டிநேவிய மீனவர்கள் பலர் இன்னொரு வகை எஞ்சினை நம்பினார்கள். அதன் தலையை ஊதுவிளக்கால் சூடாக்கித்தான் ஸ்டார்ட் பண்ணவேணும். பாரம் கூட, வேகம் குறைவு. ஆனால் குறைந்த அழுத்தத்தில் ஓடியதால் தடித்த எண்ணெயையும் முறைப்பாடில்லாமல் குடித்தது.

1927இல் பொஷ் நிறுவனம் டீசல் இன்ஜெக்சன் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. குழலுக்குள் ஏறி இறங்கும் சின்ன உலக்கை ஒன்று, காற்றின் துணையில்லாமலே டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளியது. கொம்பிரசர் தேவையில்லை என்றதும் சிறிய டீசல் எஞ்சின்கள் பெருகின. 1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கரைகளுக்கு வந்த மூன்றரை டன் படகுகளும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருந்தது. உலக்கைக்கும் குழலுக்கும் இடையிலான வெளி, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு. தலைமயிர் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பு. அங்கே உராய்வைக் குறைப்பதும் டீசலேதான். மணல்துகள் கீறினாலோ தண்ணீர் துருவை உண்டாக்கினாலோ அழுத்தம் கசியும். பிறகு உலக்கையையும் குழலையும் சோடியாகத்தான் மாற்றவேணும்.

பில்டர் அடைபட்டாலும் எஞ்சின் நிற்கும். குழாயில் காற்றுப் புகுந்தாலும் அப்படித்தான்: பம்ப் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கும், டீசல் போகாது. தாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் சின்னப் பம்பில் கையால் அடிக்கிற நெம்பு இருப்பது, அந்தக் காற்றை வெளியேற்றத்தான்.

2022இல் வரிசையில் நின்று வாங்கினதைக் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்தோமே, ஞாபகம் இருக்கா? பாதி நிரம்பின பரலுக்குள் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகும், அடியில் ஊத்தை படியும். டீசல் கிடைத்ததோட படகுக்காரரின் கவலை முடியவில்லை.

றோட்டில் பஸ் நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலில் தள்ள ஏலாது. அதுக்குத்தான் அந்தப் போத்தல்.